ஜோடிக் கார்புரேட்டர்

மிளகாயைக் கடித்துவிட்டவர்கள் பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுப்பார்களே, ஸ்ஸ்ஸ் என்று, அந்தச் சத்தம்தான். ரப்பர் குழாயின் ஒரு நுனி என் காதில். மறு நுனி கார்புரேட்டரின் வாயில். முதல் வாயில் ஸ்ஸ்ஸ். குழாயை நகர்த்தி அடுத்ததில் வைத்தால் அதே ஸ்ஸ்ஸ், ஆனால் கொஞ்சம் கனம் கூடி, கொஞ்சம் தாழ்ந்து. இரண்டும் ஒன்றாகக் கேட்கிறவரை திருகைத் திருப்ப வேண்டும். ஒன்றாகிவிட்டால், பக்கத்துப் பக்கத்தில் படுத்த இரண்டு பேர் ஒரே மூச்சில் தூங்குகிற மாதிரி இருக்கும். இந்த வயதில் என்னென்னவோ மறந்துபோயிற்று. அது மட்டும் மறக்கவில்லை.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

உக்கடத்துப் பழைய சாமான் கடைக்காரர் சொல்லித்தானே வந்தீர்கள்? பீளமேட்டில் ஒரு அம்மா இருக்கிறது, அதற்குக் கார்புரேட்டர் தெரியும் என்றிருப்பார். தெரியும் என்ன தெரியும். கேட்கத் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் பழைய ஃபியட் ஒன்றை வாங்கி, எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, கேம் ஷாஃப்டை மாற்றி, எல்லாம் செய்துவிட்டீர்கள். மேலே எந்தக் கார்புரேட்டரை வைப்பது என்று தெரியவில்லை. ஒற்றையா, ஜோடியா. தினமும் ஊருக்குள் ஓட்டவும் வேண்டும், மிதித்தால் பறக்கவும் வேண்டும். இதுதானே? இதே கேள்வியில் என் குடும்பம் இரண்டாகப் போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லுவேன். காப்பியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஆறிவிடும்.

என் தம்பி சின்னராஜ். அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. கல்லூரியில் இலக்கியம் படித்த பெண் என்று ஆசையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். படிப்பையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். அதிலிருந்து நானும் தம்பியும்தான். அவனுக்கு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பின்னால் இருக்கிற ஷெட்தான். நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். அவன் வேலை செய்வான். பேச்சே வேண்டியதில்லை. அந்த மாதிரி ஒரு காலம் இருந்தது.

அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். படித்த பெண்ணாக இருக்கட்டும் என்று தேடினேன். ருக்குமணி. லேப் டெக்னீஷியன் படிப்பு. கல்யாணமான கையோடு காரமடைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலை. சர்க்கரை பார்க்க வருகிற ஜனங்கள் விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களாம். இவள் போய் எடுத்து முடித்தால்தான் அவர்களுக்கு ஒரு வாய் காப்பி. இங்கிருந்து காந்திபுரம் போய், பஸ் மாறி, நசுங்கிப் போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிடும். அதனால் சின்னராஜ் வாங்கி ஷெட்டில் வைத்திருந்த பழைய காரை ஓட்டப் பழகிக்கொண்டாள். அந்தக் காலத்தில் புடவை கட்டிய ஒரு பெண் மேட்டுப்பாளையம் ரோட்டில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போவது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சின்னராஜ் அந்தக் காரின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். கடைசியில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டர் பாக்கி. ஒற்றை ஒன்று, ஜோடி ஒன்று, இரண்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் பேப்பரை விரித்து வைத்தான். ஜோடி, மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வந்தது. பித்தளையும் அலுமினியமுமாக, நாதஸ்வரத்தின் வாயைப்போல விரிந்த குழல்களோடு, அடடா.

"அக்கா, இதைப் பாரு," என்றான். "இது ஒத்தை. இதுலயும் ரெண்டு வாயி இருக்குது. ஆனா ஒன்னுதான் எப்பவும் வேலை செய்யும், சின்ன வாயி. மிதியை நல்லா அமுத்துனாத்தான் ரெண்டாவது தொறக்கும். ஊருக்குள்ள சமத்தாப் போகும். ரோடு கெடச்சா ஓடும்."

"அது?"

"அது ஜோடி. வாயெல்லாம் பெருசு. மேல போகப்போகப் பேய் மாதிரி இழுக்கும். ஆனா..."

"என்னடா ஆனா?"

"மெதுவாப் போறப்பப் பெரிய வாயில காத்து சோம்பிப் போயிரும் அக்கா. வேகமா வந்தாத்தான் அது பெட்ரோலைத் தூக்கும். இல்லீன்னா திணறும். நின்னு நின்னு போற ரோட்டுக்கு எவ்வளவு காத்து வேணுமோ அவ்வளவுக்குத்தான் வாயி இருக்கோணும். எஞ்சினு என்ன குடிக்கும்னு பாக்கோணும், நமக்கு என்ன ஆசைன்னு பாக்கக்கூடாது."

ருக்குமணி ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றாள். புருஷனின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எனக்குக் காத்தும் தெரியாது, வாயும் தெரியாதுங்க நங்கையா. சாவியைப் போட்டா வண்டி கெளம்போணும். அங்க சனங்க பசியோட உக்காந்திருக்கும். உங்க தம்பிகிட்டச் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? நடுநிலையாகத்தான் சொன்னேன். "இத்தனை நாள் ராப்பகலா உழைச்சு ஒரு எஞ்சினைச் செஞ்சுட்டு, அதுக்கு வாயைக் கட்டிவிடறதா? ஒத்தையைப் போட்டா அது மாவு மில்லுச் சத்தம். வண்டிக்கு ஒரு குரல் வேண்டாமாடா? உன் கையில என்ன இருக்குதுன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். அவ்வளவுதான். முடிவு அவனுடையது. அவன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் முகத்தையும் பார்த்தான். பிறகு ஒற்றையைப் பேப்பரில் சுற்றி எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

ஜோடியில் ஒரு விஷயம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் கூட இழுத்தாலும் எஞ்சின் நொண்டும். அதற்குத்தான் அந்த ரப்பர் குழாய். சின்னராஜுக்குக் காது போதாது. பம்ப் கம்பெனி ஃபவுண்டரி இரைச்சலில் வேலை செய்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அவன் வைத்துக் கேட்டுவிட்டு "சரியா இருக்குது" என்பான். நான் வாங்கி வைத்துக் கேட்பேன். சரியாக இருக்காது. "வலது பக்கத்தது அரை மாத்திரை கூட இழுக்குதுடா" என்பேன். அவன் திருகைத் திருப்புவான். "இன்னும். இன்னும். ஆ, நிறுத்து." செய்யுளைப் பிரித்துப் படித்த காது. எங்கே ஒரு அசை தட்டுகிறது என்று அதற்குத் தெரியும்.

தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருந்தார் லாசர் என்று ஒருவர். ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்டா சின்னராசு, உன்ற வண்டிக்கு ரெண்டு கார்புரேட்டருன்னு ஊரெல்லாஞ் சொல்றாங்க. மூணுடா. மூணாவது உங்கக்கா." எவ்வளவு பெரிய பாராட்டு பாருங்கள். சின்னராஜ் சிரிக்கவில்லை. அவனுக்கு வெட்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவிநாசி ரோட்டில் என்னை வைத்து ஓட்டினான். காலி ரோடு. மிதித்தான். பட்டுப்புடவையை ஒரே இழுப்பில் கிழித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம், நிற்கவே நிற்காமல். நான் அழுதுவிட்டேன். இவனைப் பெற்றவள் இதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுதேன். ருக்குமணி அன்றைக்கு வரவில்லை. துணி ஊறவைத்துவிட்டேன் என்றாள்.

சரி. தொந்தரவு என்று ஒன்று இருந்ததுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். காலைக் குளிரில் கிளம்பாது. மிதியை அடித்து அடித்துப் பெட்ரோல் அனுப்ப வேண்டும், கொஞ்சம் கூடிப்போனால் பிளக் நனைந்துவிடும். கிளம்பிய பிறகும் சூடேற ஏற ஜோடியின் சமன் விலகும். அதனால் தினமும் நான் எழுந்து வந்து குழாயை வைத்துக் கேட்டுச் சொன்னால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு தினமும் வருவேன். யாராவது ஒரு நாள் "பாவம், நீங்க தூங்குங்க" என்று சொன்னார்களா? ருக்குமணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் நிதானமாகத்தான் கேட்பேன். அவசரப்பட்டால் காது பொய் சொல்லும்.

துடியலூர் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது அணைந்துவிடும். அணைந்தால் அவ்வளவுதான். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவள் புடவையைச் செருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நிற்பாள். யாராவது இறங்கித் தள்ளிவிடுவார்கள். "உங்கப்பா சீதனமா குடுத்த வண்டியாம்மா?" என்று ஒருத்தன் கேட்டானாம். வந்து சொல்லி அவளே சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கூப்பிட்டு, "நேரத்துக்கு வரமுடியலைன்னா சொல்லிடும்மா, வேற ஆள் போட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டார். ஒருநாள் பெஞ்சில் காத்திருந்த ஒரு கிழவர் பசியில் மயங்கி விழுந்து நெற்றியில் அடிபட்டுவிட்டது. அதை அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு பிஸ்கட்டாவது கையில் கொண்டு வந்திருக்கக் கூடாதா அந்த மனிதர் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்: "ஏனுங்க நங்கையா, உங்க காதையும் நான் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?"

"கூட்டிட்டுப் போ," என்றேன்.

அவள் கோபத்தில் கேட்டது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதானே வழி? மறுநாளே கிளம்பிவிட்டேன். கைப்பையில் ரப்பர் குழாய், திருப்புளி, தயிர்சாதம், ஒரு புத்தகம். கேட்டில் அணைந்தால் நான் இறங்குவேன். லாரிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள், கார் வைத்தியம் பார்க்கிற அம்மா என்று. ஆஸ்பத்திரிக்குப் போனால் சாயங்காலம்வரை லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன். அங்கே வருகிறவர்கள் என்னையும் ரத்தம் கொடுக்க வந்தவள் என்று நினைத்து, "நீங்க சாப்பிட்டிருக்கக் கூடாதுங்கம்மா" என்பார்கள். எவ்வளவு நல்ல நாட்கள். எனக்கும் ருக்குமணிக்கும் நடுவே அந்த மாதிரி ஒரு ஒட்டுதல் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இல்லை. அவள் வண்டியில் பேசவே மாட்டாள். அவ்வளவு நிம்மதி.

அப்போது பார்த்து உடுமலையில் சித்தி மகள் கல்யாணம் வந்தது. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். சின்னராஜ்தான் போய்வா போய்வா என்றான். "நாலு நாள் மனசார இருந்துட்டு வா அக்கா" என்று அவனே பஸ் ஏற்றிவிட்டான். ஜன்னலோரமாக இடம்பிடித்துக் கொடுத்தான். அந்தப் பாசத்துக்கு என்ன ஈடு இருக்கிறது?

திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே ருக்குமணி வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தாள். மாவு மில்லுச் சத்தம். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஒற்றை உட்கார்ந்திருந்தது.

"யாரு மாத்தினது?"

சின்னராஜ் திண்டாடிப்போய் நின்றான். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அவன் நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறுப்பு. பம்ப் கம்பெனி வேலை, இருக்கத்தானே செய்யும்.

"நாந்தானுங்க மாத்தச் சொன்னேன்," என்றாள் ருக்குமணி.

"யாரைக் கேட்டு?"

"வண்டியைக் கேட்டுங்க. அதுதான் தினமும் கேட்டுல நின்னு நின்னு சொல்லுச்சே."

எப்படிப் பேச்சு பாருங்கள். லாசரை வைத்துத்தான் கழற்றியிருப்பாள். என் தம்பி அந்தப் பக்கமே போயிருக்கமாட்டான். அவன் உயிர் அந்த ஜோடியில் இருந்தது. அதை நான் சொன்னபோது அவன், "அக்கா, நீ முதல்ல சாப்பிடு. வண்டியைப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றான். பெண்டாட்டி எதிரில் வேறு என்ன சொல்லுவான்?

"ஜோடி ஏறினாத்தான் எனக்குச் சாப்பாடு," என்றேன்.

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அவனுக்காகத்தான். அவன் வாய் திறந்து கேட்கமாட்டான், யாராவது கேட்க வேண்டாமா? தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு வருவான், நிற்பான், எடுத்துக்கொண்டு போவான். ருக்குமணி ஒரு தடவை வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "சர்க்கரை இறங்கிரும் நங்கையா. அந்தப் பெரியவர் விழுந்த மாதிரி நீங்களும் விழுந்துருவீங்க" என்றாள். உடனே கிழவரைக் கொண்டுவந்துவிட்டாள் பாருங்கள் நடுவில்.

மூன்றாம் நாள் காலையில் ஷெட்டில் சத்தம் கேட்டது. மெதுவாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சின்னராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஜோடி. கையில் ஸ்பேனர். பானெட் திறந்திருந்தது. எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஜெயித்துவிட்டோமடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ருக்குமணி வேலைக்குப் போகிற புடவையோடு வந்தாள்.

"மாட்டுங்க," என்றாள் அவனிடம். சத்தமே போடவில்லை. "மாட்டிட்டு நங்கையாளைச் சாப்பிடச் சொல்லுங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன். காரமடையில ஒரு வீடு பாத்திருக்கேன், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிரலாம். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டமுங்க."

அவன் ஜோடியை ஓரமாக நகர்த்தினான். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். கைக்கு முடியவில்லை போலிருக்கிறது, களைப்பு. எழுந்து பானெட்டை மூடினான். அவளிடம், "ஏறு, நான் கொண்டுபோய் விடறேன்" என்றான். "வேண்டாம், நானே ஓட்டிக்கறேன்" என்றாள் அவள். அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வண்டி ஒரே சாவியில் கிளம்பிப் போய்விட்டது. நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போய் நானே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தேன். கேட்க ஆளில்லாத இடத்தில் பட்டினி கிடந்து என்ன?

அந்த மாதமே சாமானைக் கட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது ருக்குமணி என்னிடம், "நீங்களும் வாங்க நங்கையா. உங்களுக்குன்னு ஒரு ரூம்பு இருக்குது" என்றாள். கேலிக்குத்தான். ஒற்றைக் கார்புரேட்டர் வீட்டில் எனக்கு என்ன வேலை? ஜோடியைச் சின்னராஜ் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் தடவி, என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். எடுத்துக்கொண்டு போ என்றேன். "உங்கிட்டயே இருக்கட்டும் அக்கா" என்றான். என்றைக்காவது திரும்பி வருவேன் என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவான். வந்தால் அலமாரிப் பக்கம்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். பார்த்தால் தாங்காது என்றுதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஜோடியையே போடுங்கள் தம்பி. யோசிக்காதீர்கள். கிளம்பாது, நிற்கும், திணறும், பெட்ரோலைக் குடிக்கும், எல்லாம் உண்டு. உண்டென்றால் என்ன, அதற்கு ஒரு ஆள் கூட வேண்டும், அவ்வளவுதானே? வண்டியை யார் ஓட்டுவார்கள், உங்கள் வீட்டிலா? பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கா? பரவாயில்லை, பழகிக்கொள்வார்கள். காலையில் வண்டி அனுப்பினால் நானே வந்து கேட்டுச் சொல்கிறேன். இடது காது கொஞ்சம் மந்தம். வலது நன்றாக இருக்கிறது. காப்பி டம்ளரை இப்படிக் கொடுங்கள்.

சின்னராஜா? அவன் போய்விட்டான், போன ஆடியில். நெஞ்சுவலி. காரமடையிலிருந்து ருக்குமணியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப்போனாள்.  துடியலூர் கேட்டில் வண்டி நின்றபோது என் கையை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கையை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அவ்வளவு அலுப்பு.

அவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே முழு சர்வீஸையும் முடித்து, லேபுக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றாள். இப்போது காரமடை வீட்டில் தனியாக இருக்கிறாள்.